காசநோயும் சென்னைச் சோதனையும்

சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரை ஓடும் மின்சார இரயிலில் ஒரு முறையேனும் சென்று வந்த அன்பர்கள், தாம்பரத்துக்கு முந்திய நிலையத்தின் பெயரைக் கவனித்திருப்பர். ‘தாம்பரம் சானடோரியம்’ என்பது அப்பெயர். இரயில் நிலையங்களுக்கு ஊரின் பெயரையோ பேட்டையின் பெயரையோ வைப்பதே வழக்கம்; நோயாளிகள் தங்கிய ஒரு விடுதியின் பெயரை நிலையத்துக்கு இட்டிருப்பது அரிது. அங்கிருந்து நாள்தோறும் சீசன் டிக்கெட்டில் அலுவலகம் செல்லும் இளைஞர் பலருக்கு அச்சொல்லின் பொருளே தெரியாது. தெரியாமல் போனது நல்ல காலத்தின் அடையாளம் என்றே நாம் கருதுகிறோம். சானடோரியம் என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் குடும்பங்கள் நடுங்கிய காலம் ஒன்று இருந்தது. அக்காலம் எவ்வாறு முடிந்தது, அதை முடித்ததில் நம் சென்னைக்கு உரிய பங்கு யாது என்பதை இம்மலரில் சிறிது விரிவாகக் கூற விழைகின்றோம்.

காசநோய், எலும்புருக்கி, க்ஷயம், டி.பி. என்று பல பெயர்களால் வழங்கும் இந்நோய்க்குக் காரணம் ஒரு கிருமி என்பதை ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் காக் 1882-ஆம் ஆண்டு மார்ச் 24-ஆம் நாள் பெர்லின் நகரில் எடுத்துரைத்தார். அதற்கு முன் இது குலத்தில் வரும் நோய் என்றும், முன்வினைப் பயன் என்றும் பலவாறு எண்ணியிருந்தனர். நோயாளி இருமும்போது காற்றில் கலக்கும் கிருமியை அருகிலிருப்பவர் சுவாசிப்பதால் நோய் பரவுகின்றது. காரணம் தெரிந்துவிட்டது, ஆயின் அதற்குப் பின் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கிருமியைக் கொல்லும் மருந்து கிட்டவில்லை. எதிரி இன்னான் என்று தெரிந்தும் கையில் ஆயுதம் இல்லாத நிலை அது.

ஆயுதம் இல்லாதபோது மருத்துவர்கள் கைக்கொண்ட வழிதான் சானடோரியம். நல்ல காற்று, நல்ல உணவு, நீண்ட ஓய்வு ஆகிய மூன்றும் சேர்ந்தால் உடல் தானே நோயை வெல்லும் என்பது அதன் கொள்கை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் சைலீசிய மலைப்பகுதியில் ஹெர்மன் பிரேமர் என்பார் தொடங்கிய இம்முறை ஐரோப்பா எங்கும் பரவிற்று. நம் நாட்டில் 1906-இல் ஆஜ்மீருக்கு அருகில் திலோனியா என்னும் இடத்தில் கிறிஸ்தவ ஊழியர் முதல் சானடோரியத்தை நிறுவினர். தாம்பரத்தில் 1928-இல் 12 படுக்கைகளுடன் ஒன்றைத் தொடங்கியவர் டாக்டர் டேவிட் சவுரிமுத்து. இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுகளில் தாமே ஒரு சானடோரியம் நடத்திப் பெயர் பெற்றவர் அவர். 1937-இல் தாம்பரத்து விடுதியை அரசாங்கம் ஏற்றுக்கொண்டது.

டாக்டர் சவுரிமுத்துவின் மெண்டிப் விடுதியில் 1917-இல் நோயாளியாகத் தங்கியவர்களுள் ஒருவர் நம் கணித மேதை சீனிவாச இராமானுஜன். சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர் என்பதால், குமாஸ்தாக்களாகிய எமக்கு அவர்பால் தனி உரிமை உண்டு. காசநோய் என்று சொல்லி அவரை இங்கிலாந்தில் ஒரு விடுதியிலிருந்து மற்றொரு விடுதிக்கு மாற்றினர். அங்குள்ள குளிரும், சைவ உணவுக்குப் பட்ட பாடும், பேச்சுத்துணை இல்லாத தனிமையும் அவரை வாட்டின. 1919-இல் தாயகம் திரும்பிய அவர், மறு ஆண்டு ஏப்ரல் 26-ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டில் தம் 32-ஆம் வயதில் காலமானார். அவருக்கு இருந்தது காசமே அன்று, ஈரலைத் தாக்கிய வேறொரு நோய் என்று பிற்காலத்து மருத்துவர் சிலர் கூறுவர். அது எவ்வாறாயினும், நோயாளியை வீட்டினின்று பிரித்துத் தூரதேசத்தில் படுக்க வைப்பதுதான் அன்றைய சிகிச்சை என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்று.

இராமானுஜனுக்கேனும் செலவுக்கு வழியும், கவலைப்பட நண்பர்களும் இருந்தனர். சாதாரணக் குடும்பத்தின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். சம்பாதிக்கும் ஆண்மகன் ஓராண்டு, ஈராண்டு படுக்கையில் கிடந்தால் வீட்டில் உலை எவ்வாறு கொதிக்கும்? தாய் படுத்துவிட்டால் கைக்குழந்தையை யார் பார்ப்பார்? இத்தனைக்கும் மேலாக ஒரு பெரிய இடையூறு இருந்தது: படுக்கையே இல்லை! சர் ஜோசப் போர் தலைமையில் அமைந்த குழு 1946-இல் வெளியிட்ட அறிக்கையில், நாட்டில் நோயைப் பரப்பும் நிலையில் உள்ளவர்கள் சுமார் 25 இலட்சம் என்றும், ஆண்டுதோறும் இந்நோயால் இறப்போர் சுமார் 5 இலட்சம் என்றும், காசநோயாளிகளுக்கென இருந்த படுக்கைகள் ஏறத்தாழ 6,000 மட்டுமே என்றும் மதிப்பிட்டது. கணக்கு எழுதிப் பழகியவர்கள் வகுத்துப் பார்க்கலாம். ஒரு படுக்கைக்கு நானூறு பேருக்கு மேல் வருகின்றனர். மூன்றாம் வகுப்புப் பெட்டியில்கூட இத்தகைய நெரிசலை எவரும் கண்டதில்லை.

இந்நெருக்கடியால் 1940-ஆம் ஆண்டிலேயே புது டில்லிக் காசநோய் நிலையத்தார், நோயாளியை வீட்டில் வைத்தே கவனிக்கும் முறை ஒன்றை ஒழுங்குபடுத்தினர். ஆயினும் வீட்டுச் சிகிச்சை என்பது படுக்கை கிடைக்காத ஏழைக்கு அளிக்கும் ஆறுதல் என்றே அறிவுடையோரும் நினைத்தனர். வசதி உள்ளவர் சானடோரியத்துக்கே சென்றனர்.

இதற்கிடையில் மருந்துகள் வந்து சேர்ந்தன. 1943-இல் அமெரிக்காவில் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் பயனைச் சோதித்த பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், எந்த நோயாளிக்கு மருந்து, எவருக்கு ஓய்வு மட்டும் என்பதை மருத்துவரின் விருப்பத்துக்கு விடாமல், முத்திரையிட்ட உறைகளில் முன்னரே எழுதி வைத்துக் குலுக்கல் முறையில் தீர்மானித்தது. 1948-இல் வெளியான அச்சோதனையில், மருந்து பெற்ற 55 பேரில் ஆறு மாதத்துக்குள் இறந்தவர் 4 பேர். ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் இறந்தவர் 14 பேர். ஆனால் ஒரே மருந்தைத் தொடர்ந்து கொடுத்தால் கிருமி அதற்குப் பழகிவிடுகிறது என்பதும் அப்போதே தெரிந்தது. பின்னர்ப் ‘பாஸ்’ என்னும் மருந்தும், 1952-இல் ஐசோனையசிட் என்னும் மலிவான மாத்திரையும் வழக்குக்கு வந்தன. இரண்டைச் சேர்த்துக் கொடுத்தால் கிருமி பழகிப்போவதைத் தடுக்கலாம் என்று கண்டனர்.

மாத்திரையை விழுங்குவதற்கு மலைக்காற்று எதற்கு? பால், முட்டை, முழு ஓய்வு ஆகியவை இல்லாமலே மருந்து தன் வேலையைச் செய்யாதா? இக்கேள்வி எளிமையாகத் தோன்றினும், விடை சொல்லும் துணிவு எவருக்கும் இல்லை. பணக்கார நாடுகளில் படுக்கைகள் இருந்தமையால் கேள்விக்கே அவசரமில்லை. விடை காண வேண்டிய கட்டாயம் நமக்கிருந்தது.

1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை அரசாங்கம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நால்வரும் கூடிச் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையத்தைத் தொடங்கினர். இராமானுஜன் உயிர் நீத்த அதே சேத்துப்பட்டுப் பகுதியில் இந்நிலையம் அமைந்தது தற்செயல் எனினும் குறிப்பிடத்தக்கது. இங்கிலாந்திலிருந்து வந்த டாக்டர் வாலஸ் பாக்ஸ் தலைமை ஏற்றார். டாக்டர்கள் தேவதத்தா, சி. வி. இராமகிருஷ்ணன், வேலு, புள்ளியியல் அறிஞர் இராதாகிருஷ்ணா முதலிய நம்மவர் உடன் உழைத்தனர்.

சோதனையின் அமைப்பைச் சுருங்கக் கூறுவோம். சென்னை நகரின் ஏழைப் பகுதிகளில் வாழ்ந்த, சளியில் கிருமி உள்ள, முன்பு சிகிச்சை பெறாத 193 நோயாளிகளைத் தேர்ந்தனர். குலுக்கல் முறையில் அவர்களை இரு கூறாக்கினர். ஒரு சாராரை ஓராண்டு சானடோரியத்தில் சேர்த்தனர். மறு சாரார் தத்தம் வீட்டிலேயே இருந்தனர். இருவருக்கும் மருந்து ஒன்றே: ஐசோனையசிட்டும் பாஸும். குலுக்கலின் அருமையை இங்கே உணர வேண்டும். மருத்துவரே பிரித்திருந்தால், நோய் முற்றியவரிடம் இரக்கப்பட்டு அவரைச் சானடோரியத்துக்கும், தேறக்கூடியவரை வீட்டுக்கும் அனுப்பியிருப்பார். பின்னர் எது சிறந்தது என்று எவ்வாறு ஒப்பிடுவது? ஒரே எடைக் கல்லால் நிறுத்தால்தான் நிறை தெரியும்.

இரு சாராரும் வாழ்ந்த வாழ்க்கையோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. சானடோரியத்தில் இருந்தவர்க்குப் படுக்கையில் ஓய்வு, செவிலியர் பணிவிடை, வேளைக்குச் சத்துள்ள உணவு. வீட்டில் இருந்தவர்க்கு நெருக்கடியான குடியிருப்பு. ஒரே அறையில் பலர் படுக்கை. உண்பது முன்பு உண்ட அதே ஏழை உணவு. உடல் சிறிது தேறியதும் வேலைக்குச் சென்றவர் பலர். பெண்களோ, நோயிலும் அடுப்படியை விட்டு நகர முடியாதவர்கள். வாரம் ஒருமுறை நிலையத்துக்கு வந்து மருந்து வாங்கிச் சென்றனர். அந்நாளைய அறிவின்படி வீட்டுச் சாரார் தோற்பது திண்ணம் என்றே எவரும் பந்தயம் கட்டியிருப்பர்.

1959-இல் முடிவு வெளியாயிற்று. ஓராண்டுச் சிகிச்சைக்குப் பின் கிருமி அடங்கிய நிலையை எய்தியவர்கள் சானடோரியச் சாராரில் நூற்றுக்கு 92. வீட்டுச் சாராரில் நூற்றுக்கு 86. அவ்வளவு வசதிக்கும் அவ்வளவு செலவுக்கும் கிடைத்த வேறுபாடு இவ்வளவே! அத்துடன் விடாமல் ஐந்தாண்டுகள் அந்நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 1966-இல் மற்றோர் அறிக்கை வெளியிட்டனர். ஐந்தாண்டு முடிவில் இரு சாராரும் ஏறத்தாழ ஒரே நிலையில் இருந்தனர். முகவரி மாறியவர்களைச் சந்து சந்தாகத் தேடிப் பிடித்த பணியாளர்களின் உழைப்பை எந்த அறிக்கையும் முழுதும் எழுதிவிட முடியாது.

இனி, குடும்பத்தாருக்கு மிகவும் முக்கியமான பகுதிக்கு வருவோம். நோயாளியை வீட்டிலே வைத்தால் மனைவி மக்களுக்குத் தொற்றாதா? சானடோரியத்தின் பக்கம் நின்றவர்களின் மிகப் பெரிய வாதம் இதுவே. பொருளுள்ள வாதமும் ஆகும். எனவே இரு சாராரின் குடும்பத்தாரையும் எக்ஸ்ரே எடுத்தும் சளி பார்த்தும் தொடர்ந்து சோதித்தனர். 1960-இல் வெளியான முடிவு இது: நோயாளி வீட்டில் இருந்த குடும்பங்களில், அவர் பிரிந்திருந்த குடும்பங்களைக் காட்டிலும் புதிதாக நோய் கண்டவர் மிகுதியில்லை. தொற்று நிகழ்வதில் பெரும்பகுதி நோய் இன்னதென்று அறியும் முன்னரே, இருமிக்கொண்டு மருத்துவரிடம் செல்லாமல் இருக்கும் மாதங்களிலேயே நிகழ்ந்து முடிந்துவிடுகிறது. முறையான மருந்து தொடங்கியதும் நோய் பரப்பும் ஆற்றல் விரைவில் குன்றுகிறது.

இதைச் சற்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நமது குடியிருப்புகளில், படித்த குடும்பங்களிலும், இந்நோயை இன்றும் மறைக்கின்றனர். மகளுக்கு வரன் பார்க்கும் வீட்டில் ‘நிமோனியா’ என்கிறார்கள். சிலர் ‘ஈசினோபீலியா’ என்பர். மருந்து வாங்கத் தெரிந்தவர் கண்ணில் படாத தூரத்து ஆஸ்பத்திரிக்குச் செல்வர். சொந்த ஊரிலாவது அத்தை, சித்தி என்று நான்கு பேர் வந்து விசாரிப்பார்கள். வடக்கே வந்து குடியேறிய நமக்கு அண்டை வீட்டாரே உறவு. அவரிடமும் மறைத்துவிட்டால் நோயாளி தனிமைப்பட்டுப் போகிறார். அவருக்கென்று தனித் தட்டு, தனித் தம்ளர், பின்கட்டில் தனிப் பாய்! தட்டினாலும் தம்ளராலும் இந்நோய் பரவுவதில்லை. மறைப்பதால் நாள் கடக்கிறது. கடக்கும் நாள்களில்தான் வீட்டுக் குழந்தைக்குத் தொற்றுகிறது. மறைத்த குடும்பமே அதற்கு விலை கொடுக்கின்றது. இவ்வுண்மை அறுபது ஆண்டுகளுக்கு முன்பே நம் சென்னையில் அளந்து காட்டப்பட்டது என்பதைத் தமிழர்களாகிய நாமே அறியாதிருப்பது வருந்தத்தக்கது.

உணவைப் பற்றியும் தனியே ஆராய்ந்து 1961-இல் வெளியிட்டனர். சானடோரியத்தில் இருந்தவர் நன்றாக உண்டனர். எடையும் அவர்க்கே கூடுதலாக ஏறிற்று. ஆயினும் கிருமி அடங்குவதில் அது பெரிய வேறுபாட்டை உண்டாக்கவில்லை. மருந்து முறையாக உட்சென்றால், நாள்தோறும் பாலும் முட்டையும் வாங்க வகையற்றவரும் குணமடைவர் என்பது இதன் பொருள். இதைச் சிலர், ‘ஏழைக்கு உணவு வேண்டுவதில்லை’ என்று தமக்கு வசதியாகப் படித்துக்கொண்டனர். ஆராய்ச்சியாளர் சொன்னது அதுவன்று. இதன் மிச்சக் கதையைக் கடைசியில் கூறுவோம்.

‘மருந்து முறையாக உட்சென்றால்’ என்று எழுதினோம். அந்த ‘ஆல்’ என்னும் இரண்டெழுத்தில்தான் இவ்வரலாற்றின் சிக்கல் முழுதும் அடங்கியிருக்கிறது. இரயில்வேயில் இருப்பவர்க்கு இது எளிதில் விளங்கும். சரக்கு வண்டி புறப்பட்டது என்பது ஒன்று; மூட்டை உரியவர் கைக்குச் சேர்ந்து கையெழுத்து ஆயிற்று என்பது வேறு. நிலையத்தில் மருந்து கொடுத்தாயிற்று. நோயாளி அதை விழுங்கினாரா? பாஸ் வயிற்றைப் புரட்டும் மருந்து. அதையும் நாள்தோறும் கிராம் கணக்கில், ஓராண்டு உட்கொள்ள வேண்டும். இரண்டு மாதத்தில் இருமல் நின்று, பசி எடுத்து, உடம்பு தெளிந்துவிடுகிறது. அதற்கு மேல் எதற்கு இந்தக் கசப்பு என்று நினைப்பது மனித இயல்பு.

ஆதலால் சுகாதாரப் பார்வையாளர்கள் முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்றனர். எஞ்சியிருந்த மருந்தை எண்ணினர். சிறுநீர் வாங்கி, பெரிக் குளோரைடு சேர்த்துப் பார்த்தனர். பாஸ் உட்கொண்டிருந்தால் அது செந்நீல நிறமாக மாறும். மருந்து தவறியவர் என்று தெரிந்தால் கடிந்துகொள்வதோடு நில்லாமல், ஏன் தவறியது என்று கேட்டனர்; வீட்டாரையும் அழைத்துப் பேசினர். டாக்டர் பாக்ஸ் 1958-இலேயே, நோயாளி தாமே மருந்து உட்கொள்வதில் உள்ள இடர்களைப் பற்றித் தனிக் கட்டுரை வரைந்தார். அதன் அடுத்த படியாக, வாரம் இருமுறை மட்டும் நோயாளி நிலையத்துக்கு வந்து, பணியாளர் கண்ணெதிரே ஊசியும் மாத்திரையும் பெற்றுச் செல்லும் முறையைச் சோதித்து 1964-இல் வெளியிட்டனர். தினந்தோறும் வீட்டில் தாமே உட்கொள்வதற்கு இது எவ்விதத்திலும் குறைந்ததன்று எனக் கண்டனர். கண்ணெதிரே மருந்து கொடுப்பது என்று பிற்காலத்தில் உலகம் முழுதும் பேசப்பட்ட முறையின் வேர்களுள் ஒன்று இது.

சென்னையில் இவ்வாறிருக்க, 1959-இல் பெங்களூரில் தேசியக் காசநோய் நிலையம் நிறுவப்பட்டது. அதற்குச் சற்று முன் 1955 முதல் 1958 வரை நடந்த நாடளாவிய கணக்கெடுப்பு, இந்நோய் நகரத்துக்கே உரியதன்று, கிராமங்களிலும் அதே அளவில் உள்ளது என்று காட்டியிருந்தது. கிராமத்தாருக்கு விழிப்பு இல்லை, நோய் வந்தாலும் மருத்துவரை நாட மாட்டார் என்பது பட்டணத்தார் முடிவு. பெங்களூர் நிலையத்தைச் சேர்ந்த பானர்ஜி, ஆண்டர்சன் என்னும் இருவர் தும்கூர் மாவட்டத்தில் ஊர் ஊராகச் சென்று நோயாளிகளையே கேட்டனர். 1963-இல் அவர்கள் வெளியிட்டதைப் படித்தபோது நாம் தலை குனிந்தோம். நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் தம் உடலில் ஏதோ கோளாறு என்று அறிந்தே இருந்தனர். பாதிக்கு மேற்பட்டோர் மருத்துவ நிலையம் வரை வந்துமிருந்தனர். வந்தவர்களின் சளியைச் சோதிப்பார் இல்லை. ஒரு புட்டி இருமல் மருந்தோடு அவர்கள் திருப்பி அனுப்பப்பட்டனர். குறை எவர் பக்கம் என்பதை இதற்கு மேல் விளக்க வேண்டுவதில்லை.

இவ்விரு நகரங்களின் ஆராய்ச்சியையும் அடிப்படையாகக் கொண்டு 1962-இல் தேசியக் காசநோய்த் திட்டம் வகுக்கப்பட்டது. மாவட்டந்தோறும் ஒரு நிலையம், சாதாரண ஆஸ்பத்திரியிலேயே சளிச் சோதனை, வீட்டிலேயே சிகிச்சை என்பன அதன் கூறுகள். அடுத்து வந்த ஆண்டுகளில் உலகெங்கும் சானடோரியங்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின. சில வேறு நோய்களுக்கான ஆஸ்பத்திரிகளாயின. மேலை நாட்டார் தம் நோயாளிகளையும் வீட்டிலே வைத்துக் குணப்படுத்தத் துணிந்தமைக்குச் சென்னைச் சோதனை ஒரு பெரிய ஆதாரம்.

ஆனால் சென்னை அறிக்கை ஒரு நிபந்தனையோடுதான் தன் முடிவைக் கூறிற்று. தக்க பணியமைப்பு இருக்குமாயின், பெரும்பாலோரை வீட்டிலேயே குணப்படுத்தலாம் என்பதே அது. முடிவை நாடு ஏற்றுக்கொண்டது, நிபந்தனையை மறந்தது. படுக்கைக்குச் செலவிட வேண்டாம் என்ற மகிழ்ச்சியில், வீடு தேடிச் செல்லும் பார்வையாளருக்குச் செலவிட வேண்டும் என்பதை விட்டுவிட்டனர். 1992-இல் திட்டத்தைப் பரிசீலித்தபோது, சிகிச்சை தொடங்கியவர்களில் பாதிக்கும் குறைவானவரே அதை முடித்தனர் என்று தெரிந்தது. இடையில் விட்டவர்களின் உடலில் மருந்துக்கு அடங்காத கிருமி வளர்ந்தது. 1993-இல் சில இடங்களில் முன்னோட்டமாகவும், 1997 முதல் விரிவாகவும், கண்ணெதிரே மருந்து கொடுக்கும் முறை நம் நாட்டில் மீண்டும் கைக்கொள்ளப்பட்டு, 2006-இல் நாடு முழுவதையும் எட்டிற்று. சென்னையில் 1964-இல் அச்சிட்ட பாடத்தை நாம் வேற்று நாட்டுச் சரக்கு போல முப்பது ஆண்டுக்குப் பின் இறக்குமதி செய்தோம்! நற்பேறாக, ரிபாம்பிசின் முதலிய புதிய மருந்துகளால் சிகிச்சைக் காலம் ஆறு மாதமாகச் சுருங்கியிருந்தது. அதற்கான சோதனைகளிலும் சென்னை நிலையத்துக்குப் பங்குண்டு.

வீட்டுச் சிகிச்சை எல்லாருக்கும் பொருந்தும் என்றும் கொள்ளலாகாது. மிகவும் மெலிந்து, மூச்சு வாங்கி, துணையின்றி எழுந்து நிற்க இயலாத நிலையில் வருபவர் முதல் சில வாரங்களிலேயே இறந்துவிடுகின்றனர். இத்தகையோரை நோய் கண்ட அன்றே இனங்கண்டு ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்காகத் தமிழ்நாட்டில் 2022-இல் ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ தொடங்கப்பட்டது. எடை, கால் வீக்கம், மூச்சின் வேகம், இரத்தத்தில் பிராணவாயுவின் அளவு, துணையின்றி நிற்கும் ஆற்றல் ஆகியவற்றைப் பார்த்தாலே போதும். பெரிய கருவிகள் தேவையில்லை. எவருக்குப் படுக்கை வேண்டும் என்பதை அறிந்து அவருக்கே அதைத் தருவது, நானூறு பேருக்கு ஒரு படுக்கை இருந்த நாளில் நினைத்தும் பார்க்க முடியாத வசதி.

இறுதியாக, உணவின் மிச்சக் கதை. சென்னை நிலையம் 1978-இல் காசநோய் ஆராய்ச்சி மையம் என்றும், 2011-இல் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்றும் பெயர் மாறிற்று. இடம் சேத்துப்பட்டேதான். 2019-இல் அந்நிறுவனத்தின் பங்கேற்புடன் ஒரு புதிய சோதனை தொடங்கிற்று. அதற்குத் தேர்ந்த இடம் தமிழ்நாடு அன்று. நாம் பிழைக்க வந்து வேரூன்றிவிட்ட இந்த ஜார்க்கண்ட் மாநிலத்தின் நான்கு மாவட்டங்கள். இங்குள்ள நோயாளிகள் எவ்வளவு மெலிந்தவர்கள் என்பது இரயில்வே ஆஸ்பத்திரி வாசலைக் கடந்து செல்பவர்க்கும் தெரியும். டாக்டர் அனுராக் பார்கவா, டாக்டர் மாதவி பார்கவா முதலியோர் எடுத்துக்கொண்ட கேள்வி, 1961-இல் கேட்கப்படாத கேள்வி: நோயாளி குணமாவது இருக்கட்டும், அவரோடு வாழும் குடும்பத்தாருக்கு வயிறார உணவு கொடுத்தால் அவர்களுக்கு நோய் வருவது குறையுமா?

நோயாளிகள் 2,800 பேருக்கும் மாதந்தோறும் 10 கிலோ எடையுள்ள உணவுப் பொருள்கள் வழங்கப்பட்டன. குடும்பத்தார் 10,345 பேரையும் குலுக்கல் முறையில் இரு கூறாக்கி, ஒரு சாராருக்கு மட்டும் தலைக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்து வந்தனர். பெருந்தொற்று நாட்டை முடக்கிய 2020, 2021 ஆண்டுகளிலும் மூட்டைகள் வீடு சேர்ந்தன. 2023-இல் முடிவு வெளியாயிற்று. உணவு பெற்ற குடும்பங்களில் காசநோய் கண்டவர் மற்றக் குடும்பங்களைவிட நூற்றுக்கு 39 பங்கு குறைவு. சளியில் கிருமி பரப்பும் வகையைத் தனியே எடுத்துக்கொண்டால் நூற்றுக்கு 48 பங்கு குறைவு. நோயாளிகளிலும், முதல் இரண்டு மாதத்தில் எடை நூற்றுக்கு 5 பங்கு ஏறியவர்க்கு இறக்கும் அபாயம் நூற்றுக்கு 61 பங்கு குறைந்திருந்தது. கிருமியைக் கொல்வது மருந்து என்று சென்னை சொன்னது பொய்யாகவில்லை; கிருமி நுழைந்த உடலில் நோய் தலையெடுக்காமல் காப்பதில் சோற்றுக்கும் பருப்புக்கும் உள்ள பங்கை ஜார்க்கண்ட் அளந்து கொடுத்தது.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2023-ஆம் ஆண்டில் நம் நாட்டில் புதிதாக இந்நோய் கண்டவர் சுமார் 28 இலட்சம். உலகத் தொகையில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேல். சிகிச்சைக் காலத்தில் நோயாளிக்கு உணவுக்காக அரசாங்கம் 2018 முதல் மாதம் 500 ரூபாய் அளித்து வந்தது; 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. பணம் நோயாளியின் வங்கிக் கணக்கில் சேர்கிறது. சளிச் சோதனையும் மருந்தும் அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சோதனை செய்துகொள்ள வேண்டும்; நோய் உறுதியானால் வீட்டிலுள்ள அனைவரையும் அழைத்துச் சென்று காட்ட வேண்டும். அவர்களுக்கு நோய் வராமல் தடுக்கும் மாத்திரையும் இப்போது அங்கேயே கிடைக்கின்றது.